அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: நோயைப் புரிஞ்சுக்கிட்டு அதோட வாழுறது எப்படி

மாசக்கணக்கா வயித்தால போயிட்டே இருக்கு, கூடவே ரத்தமும் சளியும் வருது, ஒரு டாக்டர் அமீபான்னு மெட்ரோனிடசோல் எழுதித் தர்றாரு, கொஞ்ச நாள் பரவாயில்ல, திரும்ப ஆரம்பிக்குது, இன்னொருத்தர் மூலம்னு சொல்லி ஆயின்மென்ட் குடுக்குறாரு, வீட்ல உள்ளவங்க சூடுன்னு சொல்லி வெந்தயம் ஊற வச்சு குடுக்குறாங்க, இப்படியே வருஷம் ஓடிடுது. உங்க நிலைமையும் இதுதான்னா இதை முழுசா படிங்க. எனக்கும் பெருங்குடல் உள்ள புண்ணாகுற இந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தான், இதோட தான் வேலைக்குப் போறேன், குடும்பம் நடத்துறேன். நான் டாக்டர் கிடையாது, அதனால எந்த மருந்து எவ்வளவுங்கிறதுல உங்க கேஸ்ட்ரோ (குடல்) டாக்டர் சொல்றது தான் முடிவு.

முதல்ல சந்தேகம் எப்போ வரணும்னு பாப்போம். சாதாரண பேதி ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிடும். நாலு வாரம் தாண்டியும் போயிட்டே இருந்தா அதை விடக்கூடாது. அதுலயும் ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி பாத்ரூம் ஓட வைக்குதா, மலத்தோட கலந்து ரத்தமும் சளியும் வருதா, போயிட்டு வந்து உக்காந்தவுடனே இன்னும் பாக்கி இருக்குற மாதிரி முக்கத் தோணுதா, உடம்பு இளைக்குதா, அடிக்கடி லேசா காய்ச்சல் அடிக்குதா, இதெல்லாம் கவனிங்க. மூலத்துல ரத்தம் பெரும்பாலும் மலம் போன பிறகு சிவப்பா சொட்டும், மலத்துக்குள்ள சளியோட கலந்து வராது. ஐபிஎஸ்னு சொல்ற குடல் தொந்தரவுலயும் அடிக்கடி போகும், வயிறு வலிக்கும், ஆனா அதுல ரத்தம் வராது, தூக்கத்துல இருந்து எழுப்பாது. இந்த ரெண்டு அடையாளம் இருந்தா நேரா குடல் டாக்டர்கிட்ட போங்க, மெடிக்கல் ஷாப்ல சொல்லி மாத்திரை வாங்குறதை நிறுத்துங்க.

அல்சர்னு பேர்ல இருக்குறதால நிறைய பேர் இதை வயித்துப்புண்ணுன்னு நினைச்சு கேஸ் மாத்திரையா போட்டுத் தள்ளுறாங்க. இது இரைப்பைல வர்றது இல்ல. பெருங்குடலோட உள்பக்கத் தோல்ல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே வந்து தாக்கி, முழங்கால் சிராய்ச்சா தோல் வழண்டு ரத்தமும் நீரும் கசியுமே, அந்த மாதிரி பெருங்குடல் உள்ள பூரா கசிய வைக்குது. அந்த நிலைமைல குடல் தண்ணியை உறிஞ்ச முடியாது, அதனால தான் பேதி. எப்பவும் ஆசனவாய்க்கு மேல இருக்குற மலக்குடல்ல ஆரம்பிச்சு விட்டுப்போகாம மேல ஏறும், சிலருக்கு அந்தக் கடைசி பாகத்தோட நிக்கும், சிலருக்கு இடது பக்கம் வரைக்கும், சிலருக்கு பெருங்குடல் முழுக்க. இதோட கூடப்பிறந்த நோய் க்ரோன்ஸ், அது வாய்ல இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும் வரும், நடுவுல விட்டு விட்டு வரும், குடல் சுவர் முழு ஆழத்துக்கும் போகும். ரெண்டையும் சேர்த்து ஐபிடி, அதாவது குடல் அழற்சி நோய்னு சொல்லுவாங்க. ஏன் வருதுன்னா கொஞ்சம் பரம்பரை, கொஞ்சம் குடல்ல இருக்குற கிருமிகளோட மாற்றம், கொஞ்சம் நாம வாழுற சூழல், எல்லாம் சேர்ந்து தான். நீங்க காரம் தின்னதால வந்தது இல்ல, டென்ஷனால வந்ததும் இல்ல, தொட்டா ஒட்டிக்கிறதும் இல்ல. இதை வீட்ல உள்ளவங்ககிட்ட ஒரு தடவை தெளிவா சொல்லிடுங்க, ஏன்னா சாப்பாட்டால தான் இழுத்துக்கிட்டேன்னு பழி போடுறது நோயாளிய ரொம்ப உடைச்சுடும்.

டெஸ்ட்னு வந்தா கொலனோஸ்கோப்பி பண்ணி அதுல சதை எடுத்து பயாப்ஸி பாக்காம இந்த நோயை உறுதி பண்ண முடியாது. பயந்துக்கிட்டு தள்ளிப் போடாதீங்க, முந்தின நாள் பேதி மருந்து குடிக்கிறது தான் அதுல கஷ்டமான பாகம், டெஸ்ட் பண்றப்போ மயக்கத்துல இருப்பீங்க. கூடவே ரத்தத்துல சிபிசி (ரத்த அணுக்களோட எண்ணிக்கை), சிஆர்பி (அழற்சி அளவு), ஆல்புமின் (புரத அளவு) பாப்பாங்க, மலத்துல அமீபா, சி டிபிசைல் கிருமி இருக்கான்னும் பாப்பாங்க. நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் முக்கியம், குடல் டிபி. அது பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருற இடத்துல வரும், பாக்க அப்படியே க்ரோன்ஸ் மாதிரி இருக்கும். டிபி இருக்குறவங்களுக்கு க்ரோன்ஸ்னு நினைச்சு ஸ்டீராய்டு குடுத்தா டிபி பரவும், அதனால டாக்டர் பயாப்ஸிய டிபி டெஸ்டுக்கு அனுப்பினா வீண் செலவுன்னு சண்டை போடாதீங்க. மலத்துல பாக்குற கால்ப்ரொடெக்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, குடல்ல அழற்சி எவ்வளவு இருக்குன்னு ஊசி குழாய் எதுவும் இல்லாம காட்டும். 50க்கு கீழ இருந்தா நல்லது, 250க்கு மேல போனா உள்ள அழற்சி நடந்துட்டு இருக்குன்னு எடுத்துக்குவாங்க. அடிக்கடி கொலனோஸ்கோப்பி போறதுக்கு பதிலா இதை வச்சே நிறைய முடிவு எடுக்கலாம், ஆனா வலி மாத்திரை போட்டிருந்தா அளவு ஏறிக் காட்டும், அதை டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

இனி மருந்து. இந்த விஷயத்துல நான் சொல்ல நினைக்கிறதுலயே பெருசு இதுதான்: நல்லா ஆனப்புறமும் மருந்தை நிறுத்தாதீங்க. ரத்தம் நின்னுடுது, ஒரு நாளைக்கு ஒரு தடவை கெட்டியா போகுது, வெயிட் ஏறுது, அப்போ எல்லாருக்கும் ஒரு எண்ணம் வரும், எதுக்கு தினமும் இத்தனை மாத்திரை, கிட்னி போயிடுமேன்னு. மாத்திரை வேலை செய்யுறதால தான் நல்லா இருக்கீங்க. நிறுத்தினா மறுநாளே ஒண்ணும் ஆகாது, அதுதான் இதுல உள்ள ஆபத்து, வாரம் மாசம்னு நல்லாவே போகும், அப்புறம் ஒரு நாள் காலைல திரும்ப ரத்தத்தோட ஆரம்பிக்கும், அந்தத் தடவை பழைய மாத்திரைக்கு அடங்காம ஸ்டீராய்டு வரைக்கும் போக வேண்டி வரலாம். கிட்னி பயம் இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியேட்டினின் பாருங்க, மெசலமின் சாப்பிடுறவங்க எல்லாருமே பாக்க வேண்டிய டெஸ்ட் தான் அது.

மெசலமின் தான் லேசான, நடுத்தர நோய்க்கு முதல் மருந்து. அந்த மாத்திரைய உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, பெருங்குடல் வரைக்கும் போய் கரையுற மாதிரி மேல பூச்சு போட்டிருப்பாங்க, உடைச்சா மேலயே கரைஞ்சு போயிடும். பிரிச்சுப் பிரிச்சு சாப்பிட மறக்குதுன்னா மொத்தமா ஒரே வேளைல சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் சரின்னு தான் சொல்லுவாங்க. சல்பாசலசின் கொஞ்சம் பழைய மருந்து, விலை கம்மி, மூட்டு வலியும் இருக்குறவங்களுக்கு ரொம்ப உதவும். அதுல யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்பட வேண்டாம், கூடவே ஃபோலிக் ஆசிட் சாப்பிடணும், சல்ஃபா அலர்ஜி இருந்தா தொடக்கூடாது. ஆம்பளைங்களுக்கு இதுல விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினா ரெண்டு மூணு மாசத்துல திரும்பிடும். கல்யாணம் ஆகி குழந்தைக்கு முயற்சி பண்றவங்க இதைத் தெரியாம வேற வேற டெஸ்ட்டுக்கு அலையுறாங்க, டாக்டர்கிட்ட சொன்னா மெசலமினுக்கு மாத்திடுவாங்க.

பின்வாசல் வழியா வைக்கிற மருந்துன்னா எல்லாரும் முகம் சுளிப்பாங்க, ஆனா நோய் கடைசி பாகத்துல தான் அதிகமா இருக்கும், மருந்து நேரா அங்கேயே போய்ச் சேரும், மாத்திரையோட எனிமாவும் (பின்வாசல் வழியா ஏத்துற திரவ மருந்து) சேர்த்தா மாத்திரை மட்டும் சாப்பிடுறதை விட சீக்கிரம் அடங்கும். எப்படி வைக்கிறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, நானே சொல்றேன். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க. பெட் மேல பழைய வேட்டியோ துண்டோ விரிச்சுக்கோங்க, அந்த மருந்து துணில பட்டா பழுப்பா கறை பிடிச்சு போகவே போகாது. பாட்டில் பெரும்பாலும் 60 மில்லி, கொஞ்ச நேரம் உள்ளங்கைல வச்சு சூடு ஏத்திக்கோங்க, ஜில்லுனு போனா குடல் உடனே வெளிய தள்ளும். நல்லா குலுக்குங்க, அடில மருந்து படிஞ்சு இருக்கும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, இடது காலை நீட்டி வலது முழங்காலை மடக்கி, முனைல வாசலின் தடவி, தொப்புள் திசையா மெதுவா உள்ள விட்டு, ஒரேயடியா அமுக்காம கொஞ்சம் கொஞ்சமா அமுக்குங்க. எடுக்கும்போது அமுக்கின கையை விடாம அப்படியே எடுங்க, விட்டா மருந்து திரும்ப பாட்டிலுக்கே வந்துடும். அரைமணி நேரம் அதே பக்கமா படுத்திருங்க, அப்புறம் எப்படி வேணா தூங்கலாம். முதல் சில நாள் உள்ள தங்காது, நோய் ஆற ஆற தானா தங்க ஆரம்பிக்கும், அதனால ரெண்டு நாள் பாத்துட்டு விட்டுடாதீங்க. மலக்குடல்ல மட்டும் நோய் இருந்தா சப்போசிட்டரி (பின்வாசல்ல வைக்கிற மாத்திரை) போதும், அது இன்னும் சுலபம்.

ஸ்டீராய்டு பத்தி ரெண்டு பக்கமும் தப்பா பேசுறாங்க, ஒரு கூட்டம் விஷம்ங்குது, இன்னொரு கூட்டம் பழைய சீட்டைக் காட்டி தானா வாங்கிப் போடுது. நோய் எகிறி நிக்கிறப்போ ப்ரெட்னிசலோன் மாதிரி வேகமா அடக்குற மருந்து கம்மி. பெரும்பாலும் 40 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 குறைச்சுட்டு வருவாங்க. காலைல சாப்பிட்ட பிறகு போடுங்க, ராத்திரி போட்டா தூக்கம் வராது. முகம் உப்பும், பசி எடுக்கும், சுகர் ஏறும், எலும்புக்கு கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக்கணும். திடீர்னு நிறுத்தவே கூடாது, உடம்பு தானா சுரக்குறதை விட்டிருக்கும், நிறுத்தினா மயங்கி விழுற அளவுக்குப் போகலாம். நோயை அடக்கத் தான் இது, வருஷக்கணக்கா பிடிச்சு வைக்க உதவாது. ஒரு வருஷத்துல ரெண்டு தடவை ஸ்டீராய்டு தேவைப்பட்டா "டாக்டர், அடுத்த மருந்துக்குப் போகலாமா"ன்னு நீங்களே வாயைத் திறந்து கேளுங்க.

அடுத்த மருந்துன்னா பல பேருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்குற அசாதயோபிரின். முழுசா வேலை செய்ய மூணு மாசம் கூட ஆகும், பொறுமை வேணும். சிலருக்கு இது வெள்ளை அணுக்களை வேகமா இறக்கிடும், ஆசியா மக்கள்கிட்ட என்யூடிடி15னு ஒரு ஜீன் மாற்றம் அதிகமா இருக்கு, நம்ம இந்தியர்களும் அதுல அடக்கம், ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட் பண்ணலாமான்னு கேளுங்க. டெஸ்ட் பண்ணினாலும் பண்ணலைன்னாலும் முதல் மாசங்கள்ல சிபிசி அடிக்கடி பாக்கணும். ஆரம்பிச்ச சில வாரத்துலயே முடி கொத்துக் கொத்தா கொட்டினாலோ, காய்ச்சல் தொண்டை வலி வந்தாலோ மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. யூரிக் ஆசிடுக்கு அலோபூரினால் சாப்பிடுறவங்க அதைக் கட்டாயம் சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா ஆபத்து. இதுக்கும் மேல இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள், டோஃபாசிட்டினிப் மாத்திரை எல்லாம் இருக்கு. இதை ஆரம்பிக்கும் முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரேவும் டிபி டெஸ்ட்டும், ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டும் எடுத்தே ஆகணும், உள்ள தூங்குற டிபியை இந்த மருந்துங்க எழுப்பி விடும். டோஃபாசிட்டினிப்ல அக்கி வர வாய்ப்பு ஜாஸ்தி. தடுப்பூசி எல்லாம் முடிஞ்சா இந்த மருந்துகளுக்கு முன்னாடியே போட்டுடுங்க, ஆரம்பிச்ச பிறகு உயிருள்ள தடுப்பூசி போட முடியாது. செலவு பெருசு தான், இந்தியாலயே தயாராகுற பயோசிமிலர் (அந்த ஊசிகளுக்கு இணையான மருந்து) வந்த பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கு. சென்னைல ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, ஸ்டான்லி, பாண்டிச்சேரில ஜிப்மர் மாதிரி இடங்கள்ல குடல் நோய்க்கு தனித் துறையே இருக்கு, முடியாதவங்க அங்க போகத் தயங்காதீங்க.

நாட்டு மருந்து கேப்பீங்க. மஞ்சள்ல இருக்குற குர்குமினை மெசலமினோட சேர்த்துக் குடுத்துப் பாத்த ஆய்வுகள்ல பலன் தெரிஞ்சிருக்கு, சேர்த்துங்கிறது தான் முக்கியம், மெசலமினை விட்டுட்டு இல்ல. என்ன கலந்திருக்குன்னு எழுதாத பொடியும் லேகியமும் வேண்டாம், சிலதுல ஸ்டீராய்டே கலந்திருக்கும், சிலது கல்லீரலைக் கெடுக்கும்.

சாப்பாட்டுல எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் கிடையாது, இருக்குன்னு விக்கிறவங்ககிட்ட பணம் குடுக்காதீங்க. நோய் எகிறியிருக்குறப்போ குழைஞ்ச சாதம், பாசிப்பருப்பு, இட்லி, இடியாப்பம், மோர், இளநீர், பழுத்த வாழைப்பழம், தோல் சீவி நல்லா வேக வச்ச சுரைக்காய், கேரட் இதெல்லாம் பல பேருக்கு ஒத்துக்கும். கீரைத்தண்டு, வாழைப்பூ, சுண்டல், பச்சை வெங்காயம், பொரிச்சது, நிறைய காரம் அந்த நாட்கள்ல வேண்டாம். பால் ஒத்துக்கலைன்னா தயிரா மோரா எடுத்துக்கோங்க. பில்டர் காபி குடிச்ச அஞ்சாவது நிமிஷம் பாத்ரூம் ஓடுறவங்க அதைக் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க. ஆனா பத்தியம்னு சொல்லி மாசக்கணக்கா வெறும் கஞ்சில வச்சு ஆளை எலும்பும் தோலுமா ஆக்குறாங்களே, அதைப் பாத்தா மனசு கொதிக்குது. ரத்தத்தோட சேர்ந்து புரதமும் போயிட்டு இருக்கு, முட்டை, மீன், சிக்கன், சைவம்னா பருப்பும் தயிரும் பனீரும் கட்டாயம் வேணும். நோய் அடங்கின பிறகு ஒவ்வொண்ணா திரும்ப சேர்த்து, காய்கறி கீரை பழம் எல்லாம் சாப்பிடணும், வாழ்நாள் முழுக்க மோர் சாதம் தேவையில்ல. ரத்த சோகைக்கு அயன் மாத்திரை வயித்தைக் கலக்கினா ஊசி வழியா ஏத்தலாம், கேளுங்க.

பேதி அதிகமான நாள்ல தண்ணி மட்டும் குடிச்சா பத்தாது, ஓஆர்எஸ் குடிங்க. டெட்ரா பேக்ல ஜூஸ் மாதிரி விக்கிறதுல சர்க்கரை ஜாஸ்தி, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட பவுடர் பாக்கெட்டை வாங்கி, எத்தனை தண்ணில கலக்கணும்னு படிச்சு அந்த அளவே கலக்குங்க. கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டுமே தலை தட்டி. பேதியை நிறுத்துற லோபரமைடு மாத்திரைய ரத்தம் போகுறப்போ நீங்களா போடாதீங்க, குடல் வீங்கி ஊதிப் போற ஆபத்து இருக்கு. தலைவலி மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் வேண்டாம், நோயைக் கிளப்பி விடலாம், பாராசிட்டமால் போடுங்க. திடீர்னு மோசமானா நோய் தான்னு முடிவு பண்ணாம மலத்துல கிருமி டெஸ்ட்டும் பண்ணணும்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? 1955ல ஆக்ஸ்போர்டுல ட்ரூலவ், விட்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் கார்ட்டிசோன் ஆய்வுக்காக வகுத்த அளவுகோல் தான் இன்னைக்கும் நிக்குது: ஒரு நாளைக்கு ஆறோ அதுக்கு மேலயோ ரத்தத்தோட போகுது, கூடவே காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டுது, இல்லன்னா நாடித்துடிப்பு 90க்கு மேல, இல்லன்னா ஹீமோகுளோபின் 10.5க்கு கீழ. அந்த நிலைமைல வீட்ல ஒரு நாள் கூட பாக்காதீங்க, அட்மிட் ஆகுங்க. வயிறு பானை மாதிரி ஊதி வலிச்சாலும் அதே தான். அங்க ஸ்டீராய்டை நரம்புல ஏத்துவாங்க, மூணாவது நாள் வாக்குல அடங்குதான்னு பாத்து, அடங்கலைன்னா இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி மருந்தா ஆபரேஷனான்னு பேசுவாங்க. ரத்தம் போற ஆளுக்கு ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி போடுறாங்களேன்னு சொந்தக்காரங்க பதறுவாங்க, நோய் எகிறியிருக்குறப்போ கால் நரம்புல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போற ஆபத்து இருக்கு, அதுக்குத் தான் அது, போட விடுங்க. ஆபரேஷன்னா பெருங்குடலை எடுத்துட்டு சிறுகுடல்லயே பை மாதிரி தைச்சு பழைய வழியிலயே போக வைக்கலாம், நடுவுல கொஞ்ச காலம் மலம் சேர வயித்துக்கு வெளிய ஒரு பை மாட்டியிருக்கணும். பயமா தான் இருக்கும், ஆனா நேரத்துக்கு பண்ணினா உயிரைக் காப்பாத்துற ஆபரேஷன் அது.

வெளிய போறது தான் பல பேருக்கு நோயை விடப் பெரிய கவலை. தூரப் பயணத்துக்கு கவர்ன்மென்ட் பஸ்ஸை விட ட்ரெயின், பாத்ரூம் பக்கத்துல உள்ள சீட்டா பாத்து புக் பண்ணுங்க. பேக்ல ஒரு செட் உள்ளாடை, டிஷ்யூ, பாலிதீன் கவர் எப்பவும் இருக்கட்டும். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க, மீட்டிங் நடுவுல எழுந்து போனா கேள்வி வராது. கல்யாணப் பேச்சு வந்தா நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்கங்கிறது என் கருத்து, மறைச்சு வச்சு மாத்திரைய ஒளிச்சு சாப்பிடுற வாழ்க்கை யாருக்கும் வேண்டாம். பொண்ணுங்க தாராளமா குழந்தை பெத்துக்கலாம், நோய் அடங்கி கொஞ்ச மாசம் ஆனப்புறம் தரிச்சா நல்லது. கர்ப்பம்னு தெரிஞ்சவுடனே பயந்து மெசலமினை நிறுத்துறது தான் பெரிய தப்பு, குழந்தைக்கு அந்த மாத்திரையை விட நோய் கிளம்புறது தான் கெடுதல். எதிர்ப்பு சக்தியை அடக்குற மெத்தோட்ரெக்சேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது, டோஃபாசிட்டினிப்பும் வேண்டாம்.

கண் சிவந்து வலிச்சா, மூட்டு வீங்கினா, கால்ல சிவப்பா கட்டி வந்தா அதையும் குடல் டாக்டர்கிட்டயே சொல்லுங்க, இதோட சேர்ந்து வர்றது தான்.

கடைசியா, நோய் ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆச்சுன்னா பெருங்குடல்ல புற்றுநோய்க்கான மாற்றம் இருக்கான்னு பாக்க கொலனோஸ்கோப்பி ஆரம்பிக்கணும், அப்புறம் ரிஸ்க்கைப் பொறுத்து ஒண்ணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. மலக்குடலோட நின்னுட்டவங்களுக்கு இது தேவைப்படாது, பித்தக்குழாய் சுருங்குற பிஎஸ்சி நோயும் சேர்ந்து இருக்குறவங்களுக்கு கண்டுபிடிச்ச வருஷத்துல இருந்தே வருஷா வருஷம் வேணும். நோய் கிளம்பி நிக்கிறப்போ எடுத்தா அழற்சியா கெட்ட மாற்றமான்னு பயாப்ஸில பிரிச்சுச் சொல்றது கஷ்டம், அதனால நல்லா இருக்குற சமயமா பாத்து தேதி வாங்குங்க, போகும்போது முதல் கொலனோஸ்கோப்பில இருந்து எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.